அடிநரம்பு இல்லாத ரீல்

நார்பர்ட் கோவேயாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல் என்று யாராவது கேட்டால் எனக்கு இருமல்தான் வரும். நானும் அவனும் எங்கள் ஊர் சாகமோர் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. அப்போதே அவன் வாய் முதலில் வகுப்புக்குள் நுழையும், ஆள் பின்னால் வருவான். இப்போது இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது. வாய் மட்டும் நரைக்கவில்லை. நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். முதுகுக்குப் பின்னால் ஒரு பஸ் நிறைய வாண்டுகள் கத்துகிற கத்தலில் எனக்கு ஒருநாளும் தலை வலித்ததில்லை. கால்வாய்க் கரையில் நார்பர்ட், "என்னைக் கேட்டா..." என்று ஆரம்பித்தால் போதும், பொட்டில் தெறிக்கும்.

ஒருத்தரும் அவனைக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

வீட்டுக் கூரை ஓரத்தில் மழைத் தண்ணீர் வடிவதற்கு அலுமினியத் தகடு பொருத்துவது அவன் தொழில். அந்த வேலையை மட்டும் சுத்தமாகச் செய்வான் என்று ஊரில் சொல்கிறார்கள். என் வீட்டில் அவன் பொருத்தியது, மழை வந்தால் வாசல்படியில் நிற்கிறவர் தலையில்தான் கொட்டும். அவன் பெண்டாட்டி இவோன் நல்ல பெண். வீட்டின் கீழ்த்தளம் முழுக்கத் தூண்டில் கழிகளும் ரீல்களும் நூற்கண்டுகளும். மேலே சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டே இருக்கும். ஒருநாள் இவோன், "இதுங்களோடவே குடும்பம் நடத்து ராசா" என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஃபால் ரிவரில் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். அவனும் அப்படியே குடும்பம் நடத்தினான். பிள்ளை குட்டி கிடையாது. விடிந்தால் கால்வாய், அங்கே நிற்கிற நாங்கள் கொஞ்சம் பேர், அவ்வளவுதான் அவனுக்கு உலகம். இதைச் சொல்லும்போது எனக்குப் பாவமாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். இல்லை.

எங்கள் கால்வாய்க்கு இரண்டு முனையிலும் கடல், அதனால் தண்ணீர் சும்மா கிடக்காது. காட்டாறு மாதிரி கிழக்கே ஓடும், ஓய்ந்து நிற்கும், அப்புறம் திரும்பி மேற்கே ஓடும். ஜூன் மாதம் விடியலில் தண்ணீர் திரும்புகிற சமயம் பார்த்து, கானாங்கெளுத்திக் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு வரிக் கொடுவா மேலே வந்து கொதிக்கும். விலாவில் கோடு கோடாக, அப்படியொரு கம்பீரமான மீன். அந்தச் சமயத்தில் கால்வாய் வளைகிற இடத்து விளக்குக் கம்பங்களின் கீழே தோளோடு தோள் உரசி நிற்போம். எங்களுக்கு எழுதாத சட்டம் உண்டு. நீரோட்டத்துக்கு மேலே நிற்பவர் முதலில் வீசவேண்டும், அடுத்து அவருக்குக் கீழே உள்ளவர், அப்படி வரிசையாக. யாருக்காவது பெரிய மீன் மாட்டி, ஓட்டம் அதைக் கீழே இழுத்துக்கொண்டு போனால், அவர், "வர்றேன்!" என்று கத்தவேண்டும். கீழே நிற்கிற ஒவ்வொருவரும் தன் நூலைச் சுருட்டிக்கொண்டு வழிவிடவேண்டும். கண் முன்னால் மீன் கொதித்தாலும் சரி. சுருட்டாதவனை நாங்கள் மனுஷனாக மதிப்பதில்லை.

இப்படிப்பட்ட இடத்துக்குக் கழி எப்படி இருக்கவேண்டும்? ஆள் உயரத்தில் ஒன்றே முக்கால் மடங்கு நீளம், வளைந்தாலும் முதுகு விடாத உறுதி, இரைக்குப் பதிலாக முள்ளோடு கட்டுகிற கனமான இரும்பு மீனை எதிர்க்கரைப் பக்கம் எறிகிற வலு. ரீல் பெரிதாக, அதன் பிரேக் கெட்டியாக. நூல் நல்ல தடித்த பின்னல் நூல். மீனைச் சீக்கிரம் கரைக்குக் கொண்டுவந்து, சீக்கிரம் விட்டுவிட வேண்டும். ஏனென்றால் இருபத்தெட்டு அங்குலத்துக்கும் முப்பத்தொன்றுக்கும் இடையில் இருக்கிற மீனைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். அதைவிடப் பெரியதைத் திருப்பி விட்டாகவேண்டும், உயிரோடு இருந்தாலும் செத்திருந்தாலும். ரொம்ப நேரம் இழுபறி நடந்தால் மீன் களைத்துச் செத்துப்போகும். கரையில் நிற்கிற நாய்க்குக்கூட இது தெரியும்.

நார்பர்ட்டுக்குத் தெரியாது. அவன் கொண்டுவருவது காது குடைகிற குச்சி மாதிரி ஒரு கழி, உள்ளங்கையில் அடங்குகிற ரீல், தையல்காரரிடம் கடன் வாங்கியது மாதிரி ஒரு நூல். பிரேக்கைத் தளர்த்தி வைத்துக்கொண்டு என்னிடம் பிரசங்கம் வேறு.

"பெரிய கழியைத் தூக்கிட்டு வர்றவன் எவனும் மீன் பிடிக்க வரலை கிளாடெட். மரம் வெட்ட வந்திருக்கான். மீனுக்கும் ஒரு வாய்ப்பு குடுக்கணும். சரிக்குச் சமமா நின்னு மோதணும்."

"நீ மோதறியா, கொஞ்சறியா?" என்று கேட்டான் லென்னி. எங்கள் வரிசையில் நையாண்டிக்கென்றே பிறந்தவன் அவன். "போன வாரம் நீ கொஞ்சின மீனை, கடல்காக்கா கொத்திட்டு இருந்துச்சே, பாத்தியா?"

"அது வேற மீன்."

"ஆமா, அது தற்கொலை பண்ணிக்கிட்ட மீன். உன் பேச்சைக் கேட்டு."

நார்பர்ட்டுக்கு இதெல்லாம் உறைக்காது. மீன் அறுத்துக்கொண்டு போனால் நூல் கம்பெனி சரியில்லை. தூரம் போகாவிட்டால் காற்று சரியில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். ஒவ்வொரு நல்ல மீனும் அவனை நாய் இழுத்துப் போவதுபோல் கரையோரமாக இழுத்துப் போகும். இவன், "வர்றேன், வர்றேன்!" என்று கூவிக்கொண்டே ஓடுவான். நாங்கள் எல்லாரும் சுருட்டுவோம். கடைசியில் நூல் அறுந்து, வெறுங்கையோடு சிரித்துக்கொண்டு திரும்பி வருவான். வந்து, "என்ன மீன்! என்ன மீன்!" என்பான். அதற்குள் எங்கள் முன்னால் கொதித்துக்கொண்டிருந்த கூட்டம் பாலத்துக்கு அந்தப் பக்கம் போயிருக்கும். எனக்கு வருகிற ஆத்திரத்தில் அந்தக் குச்சியைப் பிடுங்கி முறித்து அடுப்பில் வைக்கலாம் போலிருக்கும்.

மே மாதக் கடைசியில் ஒரே காலையில் மூன்று தடவை இப்படிச் செய்தான். மூன்றாவது தடவை திரும்பி வந்தபோது டுவார்ட்டே தன் கழியைப் பாறையில் சாய்த்து வைத்தார். டுவார்ட்டே இழுவைக் கப்பலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் எல்லாரையும்விட மூத்தவர். ஒரு காலைக்கு நாலு சொல்தான் பேசுவார். அன்றைக்குக் கொஞ்சம் அதிகம் பேசினார்.

"நார்பர்ட், இத்தோட சரி. இன்னொரு தடவை நாங்க உனக்காகச் சுருட்டி, நீ மீனைக் கோட்டை விட்டுட்டு வந்தா, அதுக்கப்புறம் யாரும் சுருட்ட மாட்டோம். நீ கத்தினாலும் சரி, கால்ல விழுந்தாலும் சரி."

நார்பர்ட் சிரித்தான். டுவார்ட்டே சிரிக்கவில்லை. லென்னியும் சிரிக்கவில்லை. சுருட்டமாட்டோம் என்றால் என்ன அர்த்தம் என்று நார்பர்ட்டுக்குத் தெரியும். அவன் மீன் முதல் பக்கத்துக்காரன் நூலிலேயே சிக்கி நிற்கும். கரை பொதுச் சொத்து, போகச் சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. ஆனால் அதற்கப்புறம் அவன் எங்களில் ஒருவன் இல்லை. காலையில் குடித்த காபியில் மீதியை அவனுக்கு நீட்ட ஆளிருக்காது. லிங்கீசாத் தொத்திறைச்சியும் முட்டையும் வைத்த ரொட்டியில் பாதியைப் பிய்த்துக்கொடுக்க ஆளிருக்காது. ஒழுகுகிற குழாயோடு வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அவன் முகம் போன போக்கைப் பார்த்தேன். பயந்துவிட்டான்.

பயந்தவன் என்ன செய்யவேண்டும்? தெரிந்தவரைக் கேட்கவேண்டும். நார்பர்ட் எப்போது கேட்டிருக்கிறான்?

அந்த வாரமே ஸ்டான்லியின் கடையில் அவனைப் பார்த்தேன். நான் தூண்டில் முள் வாங்கப் போயிருந்தேன். ஸ்டான்லி மேசைமேல் கடையிலேயே பெரிய ரீலை எடுத்து வைத்திருந்தான். கூடவே கொடிக்கம்பம் மாதிரி ஒரு கழி, கப்பல் கட்டுகிற கனத்தில் பின்னல் நூல். இத்தனை வருஷம் குச்சி, இப்போது கொடிக்கம்பம். அவனுக்கு நடுவில் எதுவும் கிடையாது.

"நூலை இங்கயே சுத்திக் குடுத்திடறேன்" என்றான் ஸ்டான்லி. "அடியில கொஞ்சம் தங்கூசி போட்டு, அதுமேல பின்னலை முடிஞ்சு..."

"வேண்டாம்" என்றான் நார்பர்ட்.

தங்கூசி என்பது பழைய நைலான் நரம்பு. பின்னல் நூல் வழுவழுப்பு. ரீலின் பளபள உலோகத்தில் அதை நேரே சுற்றினால் பிடிப்பு இருக்காது. பெரிய மீன் இழுத்தால் மொத்த நூற்கண்டும் உருளையின்மேல் வழுக்கிச் சுற்றும். பிரேக்கை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. அதனால் முதலில் அடிநரம்பாகக் கொஞ்சம் தங்கூசியைச் சுற்றிக்கொண்டு, அதன்மேல் பின்னலைச் சுற்றுவார்கள். நார்பர்ட்டின் பழைய ரீல்களில் இது தெரியவே இல்லை. பிரேக்கைத் தளர்த்தி வைக்கிறவனுக்கு எது வழுக்கினால் என்ன? ஆனால் எங்கள் மீன்பிடி சங்கத்தில் ஒரு குளிர்காலக் கூட்டத்தில் எழுந்து நின்று, அடிநரம்பு என்பது பின்னலைக் குறைவாகக் கொடுப்பதற்குக் கடைக்காரர்கள் செய்கிற மோசடி என்று முழங்கியிருந்தான். எல்லார் முன்னாலும் சொன்னதை எப்படி விழுங்குவது?

"பின்னல் வழுக்கும்டா நார்பர்ட்" என்றேன். "இது உன் பழைய குச்சி இல்ல. பிரேக்கை இறுக்கிப் பிடிக்கப்போற. அடியில நரம்பு இல்லன்னா பம்பரம் மாதிரி சுத்தும்."

"தாயே, நீ பஸ்ஸ ஓட்டு. நான் ரீலைப் பாத்துக்கறேன்."

"எப்படியாவது நாசமாப் போ."

"சுத்தமான பின்னல். அடியிலேர்ந்து நுனி வரைக்கும்" என்றான் ஸ்டான்லியிடம், சாமி கும்பிடுகிற குரலில். ஸ்டான்லி என்னைப் பார்த்தான். நான் முள்ளை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். வாயாலேயே வடை சுடுகிறவனிடம் அடுப்பைப் பற்றவை என்று எத்தனை தடவை சொல்வது?

அமாவாசையை ஒட்டிய அந்தக் காலை வந்தது. கிழக்கே ஓடுகிற தண்ணீர் ஓய்வதற்குக் கொஞ்சம் முன்னால் மீன் மேலே வந்தது. தண்ணீர் முழுக்கக் கானாங்கெளுத்தி துள்ளுகிறது, அதன் நடுவே கொடுவாவின் முதுகு, வால், வாய். வருஷத்தில் இப்படி ஒன்றிரண்டு காலைதான் வாய்க்கும். நார்பர்ட் கொடிக்கம்பத்தைத் தூக்கி வீசினான். நன்றாகவே வீசினான், அதை மறுக்கமாட்டேன். இரும்பு மீன் போய் விழுந்த இடத்தில் தண்ணீர் பிளந்தது.

"மாட்டிக்கிச்சு!" என்றான். கழி வில்லாக வளைந்தது. "பெரிசு! அய்யோ, பெரிசு!"

பிரேக்கை இறுக்கினான். நூல் போய்க்கொண்டே இருந்தது. இன்னும் இறுக்கினான்.

"இறுக்குடா!" என்று கத்தினான் லென்னி.

"இறுக்கிட்டேன்! முழுசா இறுக்கிட்டேன்!"

கைப்பிடியைச் சுற்றுகிறான், ஒரு முழம் நூல்கூட உள்ளே வரவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். உருளை அசையாமல் நிற்கிறது, அதன்மேல் மொத்த நூற்கண்டும் கிறுகிறுவென்று சுற்றுகிறது. சொன்னேனே பாவி, சொன்னேனே. அவன் உள்ளங்கையால் நூற்கண்டை அழுத்திப் பிடித்தான். அப்போதுதான் மீன் அவனை இழுத்தது. அவன் திரும்பி வரிசையைப் பார்த்தான். டுவார்ட்டே சொன்ன அந்த இன்னொரு தடவை இதுதான் என்று அவனுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும்.

"வர்றேன்" என்றான். கத்தவில்லை.

டுவார்ட்டே தன் நூலைச் சுருட்டினார். லென்னி சுருட்டினான். வரிசை முழுக்க ஒவ்வொருவராகப் பல்லைக் கடித்துக்கொண்டு சுருட்டினார்கள். எதிரே மீன் கொதிக்கிறது, ஒரு தூண்டிலும் தண்ணீரில் இல்லை. நார்பர்ட் பாறைமேல் தடுக்கித் தடுக்கி, ஒவ்வொரு விளக்குக் கம்பமாகக் கடந்து கீழே போனான். என் வாயில் வராத வசவு இல்லை. வசவோடு வசவாகத் தோல் கையுறையை மாட்டிக்கொண்டு, கரைப் பாதையில் நிறுத்தியிருந்த என் சைக்கிளை எடுத்து அவன் பின்னால் போனேன். அவனுக்காக இல்லை. அந்த மீன் செத்துக்கொண்டிருந்தது, அதற்காக.

கிழக்கே சாண்ட்விச் என்கிற ஊர்ப் பக்கம் வெகுதூரம் போனபிறகு ஓட்டம் ஓய்ந்தது. நான் பாறையில் இறங்கி, நூலைக் கையுறைமேல் சுற்றிச் சுற்றிக் கையாலேயே இழுத்தேன். அவன் உள்ளங்கை வெந்து போயிருந்தது. மீன் எதிர்க்காமல் வந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வசவுகூட மறந்துவிட்டது. என் பஸ்ஸில் முதல் வரிசையில் உட்காருகிற பொடிசுகள் உயரம் இருந்தது. அவ்வளவு பெரிய கொடுவாவை நான் என் கையால் தொட்டதில்லை.

நார்பர்ட் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, அதன் கீழ்த்தாடையைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தான். ஓட்டம் இருந்தால் தண்ணீர் செவுளுக்குள் பாய்ந்து உயிர் வரும். தண்ணீரோ அசையாமல் நின்றது.

"போம்மா" என்றான். "போ. போயிடு." விட்டான். அது புரண்டு வெள்ளை வயிற்றைக் காட்டியது. மறுபடி பிடித்து நிமிர்த்தினான். "மயக்கம்தான் கிளாடெட். இப்பப் போயிடும் பாரு."

"அது செத்து நேரமாச்சு நார்பர்ட்."

"இல்ல. மயக்கம்தான்."

அவனை அங்கேயே விட்டுவிட்டு நான் சைக்கிளில் என் இடத்துக்குத் திரும்பினேன். எனக்கும் மீன் பிடிக்க வேண்டும் அல்லவா? "செத்துப்போச்சு" என்றேன். டுவார்ட்டே தலையை மட்டும் ஆட்டினார். அப்புறம் தண்ணீர் மேற்கே திரும்பியது. கூட்டம் கலையாமல் இருந்தது பெரிய அதிர்ஷ்டம், மறுபடி எங்கள் முன்னாலேயே கொதிக்க ஆரம்பித்தது. வீசினோம். லென்னிக்கு ஒன்று வந்தது. எனக்கும் ஒன்று வந்தது.

அப்போதுதான் அதைப் பார்த்தேன். கிழக்கே போனது மேற்கே திரும்பி வந்துகொண்டிருந்தது. வெள்ளை வயிறு மேலே தெரிய, கரையை ஒட்டி, ஓட்டத்தோடு மெதுவாக. அதற்குச் சமமாகப் பாறை ஓரத்தில் நார்பர்ட் நடந்து வந்தான். நெஞ்சுவரை நனைந்திருந்தான். கொடிக்கம்பத்தைத் தோளில் சாய்த்திருந்தான். மீனை எடுத்துப்போகவும் சட்டமில்லை, விட்டுவிட்டுப் போகவும் அவனுக்குக் கால் வரவில்லை போலிருக்கிறது. கூடவே வந்தான். "வர்றேன்" என்று அவன் கத்தவில்லை. கத்த அவனுக்கு என்ன இருக்கிறது?

வரிசையின் கிழக்குக் கோடியில் நின்றவர் நூலைச் சுருட்டினார். அடுத்தவர் சுருட்டினார். இவனுக்காக இனிச் சுருட்டமாட்டோம் என்று சொன்ன டுவார்ட்டே கழியை நிமிர்த்தி, நிதானமாகச் சுருட்டி, இரும்பு மீனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். சாவு வீட்டிலேயே சிரிக்கவைக்கிற லென்னியும் சுருட்டினான். கண்ணெதிரே மீன் கொதித்தது. நானும் சுருட்டினேன். என் கைமேல் எனக்கே கோபம் வந்தது. மீன் போகும்போது வழிவிட வேண்டும் என்பதுதான் எங்கள் சட்டம். உயிருள்ள மீனா செத்த மீனா என்று அதில் சொல்லவில்லை.

என் எதிரே வந்ததும் நார்பர்ட் நிமிர்ந்து பார்த்தான். கண் சிவந்திருந்தது.

"பெரிய மீன்தானே கிளாடெட்?"

"உன்னைவிடப் பெரிசு" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டான். மீனோடு சேர்ந்து நடந்தான். அவனும் மீனும் மேற்கே இருக்கிற ரயில் பாலத்தைத் தாண்டும்வரை யாரும் வீசவில்லை. அதற்குள் கூட்டம் அடங்கிப்போயிருந்தது.

மறுநாள் அவன் வரவில்லை. பாஸ்டன் பக்கத்து வெளியூர்க்காரர்கள் வந்து கரையை அடைத்தார்கள். புதுத் துணி, புதுக் கழி, புது அலட்டல். அவர்களில் ஒருவன் டுவார்ட்டேக்கும் லென்னிக்கும் நடுவே நார்பர்ட் நிற்கிற பாறையில் காலை வைத்தான்.

"அங்க நிக்காதப்பா" என்றார் டுவார்ட்டே. "அங்க ஆள் வரும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "யாரு? அந்தத் தண்டத்துக்கா இடம் பிடிக்கிறீங்க?"

"ஆமா" என்றார் டுவார்ட்டே, தண்ணீரைப் பார்த்தபடி. "நம்ம தண்டம்தானே."

வெளியூர்க்காரன் கீழே இறங்கி வேறு இடம் தேடிப் போனான். நான் என் காபியைத் திறந்து, பாதியைக் குடித்து, மீதியை மூடி வைத்தேன்.